ஆங்கில இலக்கணக் கைநூல் ஒன்றின் கொஸ்டின் டேக் பகுதி: ஒரு மதிப்புரை

பேருந்து நிலையத்தை ஒட்டிய புத்தகக் கடைகளில், பத்தாம் வகுப்பு கைடுகளுக்கும் போட்டித் தேர்வு நூல்களுக்கும் நடுவே, ஆங்கில வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் ஒரு வரியும் அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அடுத்த வரியுமாக அச்சிட்ட இலக்கணக் கைநூல்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 200 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. நூலின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் இந்த வகை நூல்கள் பலவற்றில் இருப்பதால் ஒன்றை மட்டும் சுட்டுவது முறையாகாது. முழு நூலையும் விட்டுவிட்டுக் கொஸ்டின் டேக் (வாக்கியத்தின் இறுதியில் ‘அல்லவா?’ என்பதுபோல ஒட்டிவரும் சிறு கேள்வி) பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேல்நிலைப் பள்ளி ஆங்கிலத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவும், டி.என்.பி.எஸ்.சி. பொது ஆங்கிலப் பாடத்திட்டத்தில் தனித் தலைப்பாகவும் வந்திருக்கும் இந்தப் பகுதி, நூலாசிரியர் வாக்கியத்தின் பொருளைப் பார்க்கிறாரா அல்லது சொல்லின் வடிவத்தை மட்டும் பார்க்கிறாரா என்பதை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிப்படை விதிகள் இரண்டே பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. வாக்கியம் உடன்பாடாக இருந்தால் டேக் எதிர்மறையாகவும், எதிர்மறையாக இருந்தால் உடன்பாடாகவும் வர வேண்டும்; துணைவினை இருந்தால் அதையே திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ‘டூ, டஸ், டிட்’ ஆகியவற்றில் காலத்துக்குப் பொருந்துவதைப் போட வேண்டும்; எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் டேக்கில் அதற்குரிய பிரதிப்பெயர் வர வேண்டும். இதற்குமேல் இவ்விடத்தில் விரிக்கத் தேவையில்லை, நூலும் விரிக்கவில்லை.

நூலின் உண்மையான பலம் அதற்கடுத்த சுருக்க வடிவங்களில் தெரிகிறது. ‘ஷீஸ் எ நர்ஸ்’ என்பதற்கு ‘இஸன்ட் ஷீ?’ என்றும், ‘ஷீஸ் ரிட்டன் எ லெட்டர்’ என்பதற்கு ‘ஹாஸன்ட் ஷீ?’ என்றும் வருவதைக் காட்டி, ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்து ‘இஸ்’ஸா ‘ஹாஸ்’ஸா என்பதை அடுத்து வரும் சொல்லை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்று பொறுமையாக விளக்குகிறது. ‘டி’ என்ற எழுத்து ஒட்டிய வாக்கியங்களுக்கும் இதே முறைதான்: ‘ராதர்’ வந்தால் ‘வுடன்ட் ஹீ?’, ‘பெட்டர்’ வந்தால் ‘ஹாடன்ட் ஹீ?’, ‘லெஃப்ட்’ போன்ற மூன்றாம் வினைவடிவம் வந்தாலும் ‘ஹாடன்ட் ஹீ?’ என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் உச்சரிப்பு வரி இங்கே காலை வாரிவிடுகிறது. ‘ஹீட் பெட்டர் கோ’ என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும் மாணவர் வெப்பத்தைப் பற்றிய வாக்கியம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதே உச்சரிப்பு வரி வேறோர் இடத்தில் எதிர்மாறான தீங்கைச் செய்கிறது. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் வடிவம் மாறாத வினைகள் தேர்வுக்குக் கேள்வி எடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானவை. ‘ஹீ புட் த பேக் ஆன் த டேபிள்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ஒருமையாக இருந்தும் வினையின் இறுதியில் ‘எஸ்’ இல்லாததால் அது இறந்தகாலம், எனவே ‘டிடன்ட் ஹீ?’ என்பதே விடை. இதை நூல் சரியாகச் சொல்கிறது. ஆனால் ‘படித்தல்’ என்ற பொருளுடைய வினைக்கு வரும்போது, ஆங்கிலத்தில் இரு காலத்துக்கும் எழுத்து ஒன்றே என்றிருக்க, உச்சரிப்பு வரியில் ஓரிடத்தில் ‘ரீட்’ என்றும் மற்றோரிடத்தில் ‘ரெட்’ என்றும் அச்சிட்டு, மாணவர் கண்டுபிடிக்க வேண்டிய விடையைத் தானே சொல்லிவிடுகிறது. தேர்வறையில் அந்த இரண்டாவது வரி இருக்காது. ‘எவ்ரி டே’, ‘எஸ்டர்டே’ போன்ற காலச் சொற்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் அங்கே கைகொடுக்கும், அப்பழக்கத்தை நூல் ஏற்படுத்தித் தரவில்லை.

மறைவான எதிர்மறைச் சொற்களுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். ‘ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி, செல்டம், ரேர்லி, நெவர்’ ஆகியவை ‘நாட்’ இல்லாமலே வாக்கியத்தை எதிர்மறையாக்குவதால் ‘ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹீ?’ என்று உடன்பாட்டு டேக் வருகிறது. ‘ஃபியூ பீப்பிள் நோ திஸ், டூ தே?’ என்பதையும் ‘எ ஃபியூ பீப்பிள் நோ திஸ், டோன்ட் தே?’ என்பதையும் எதிரெதிரே வைத்து, முன்னால் நிற்கும் ‘எ’ என்ற ஒற்றை எழுத்து விடையைத் தலைகீழாக்குவதைக் காட்டிய பக்கம் இந்நூலின் சிறந்த பக்கங்களில் ஒன்று. ‘நோபடி கால்ட், டிட் தே?’ என்பதில் பன்மைப் பிரதிப்பெயரும், ‘நத்திங் ஹாப்பன்ட், டிட் இட்?’ என்பதில் ‘இட்’டும் வருவதும் தெளிவாக உள்ளது.

ஆனால் கட்டத்துக்குக் கீழே ‘எதிர்மறைப் பொருள் தரும் எச்சொல் வந்தாலும் உடன்பாட்டு டேக்’ என்று பொதுவிதி எழுதியது தவறு. அந்த விதியை நம்பிய மாணவர் ‘இட் இஸ் இம்பாசிபிள், இஸ் இட்?’ என்றுதான் எழுதுவார். சரியானது ‘இஸன்ட் இட்?’ ஆகும். ‘இம்பாசிபிள்’, ‘அன்ஹாப்பி’ போன்றவற்றில் எதிர்மறை அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வாக்கியமோ ஒன்றை உறுதியாகச் சொல்லும் உடன்பாட்டு வாக்கியமாகவே இருக்கிறது. ‘ஹீ ஃபெய்ல்ட் டு கம்’ என்பதும் இவ்வாறே ‘டிடன்ட் ஹீ?’ என்று முடியும்.

இந்த அத்தியாயத்தின் பெரிய சறுக்கல் ‘ஐ திங்க்’ வகை வாக்கியங்களில் இருக்கிறது. ‘ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்’ என்ற வாக்கியத்துக்கு விடைக்குறிப்பு ‘டூ ஐ?’ என்கிறது. முதன்மை வாக்கியத்தின் துணைவினையையும் எழுவாயையும் எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்; வடிவத்தைப் பார்த்தால் விதிப்படிதான் இருக்கிறது. ஆனால் ‘நான் அப்படி நினைக்கவில்லை, நினைக்கிறேனா?’ என்று தன் நினைப்பைப் பற்றித் தானே எதிரிலிருப்பவரிடம் யாரும் உறுதி கேட்பதில்லை. பேசுபவர் கேட்க வருவது அவன் வருவானா என்பதைத்தான். ‘ஐ திங்க்’ அந்தக் கூற்றை மென்மையாக்க முன்னால் நிற்கிறது, அவ்வளவே. ஆகவே டேக் ‘ஹீ வில் கம்’ என்ற பகுதியிலிருந்து பிறக்க வேண்டும். ‘டோன்ட்’ என்ற எதிர்மறை இடத்தால் ‘திங்க்’குடன் இருந்தாலும் பொருளால் வருதலைச் சேர்ந்தது என்பதால் டேக் உடன்பாடாகி, ‘வில் ஹீ?’ என்பதே விடையாகிறது. எதிர்மறை இல்லாத ‘ஐ திங்க் ஷீ இஸ் ரைட்’ என்பதற்கு ‘இஸன்ட் ஷீ?’ வரும். ‘சப்போஸ்’, ‘பிலீவ்’ ஆகியவையும் இதே வழியில் செல்பவை.

இதில் எழுவாய் மாறினால் கதையே மாறிவிடுகிறது. ‘யூ திங்க் ஷீ இஸ் ரைட்’ என்றால் எதிரிலிருப்பவரின் கருத்தைத்தான் கேட்கிறோம். அங்கே ‘டோன்ட் யூ?’ என்பது முற்றிலும் இயல்பானது. ‘ஹீ செட் ஷீ வாஸ் இல்’ என்பதில் அவன் சொன்னானா என்பதே பேச்சு, எனவே ‘டிடன்ட் ஹீ?’ வரும். யாருடைய எந்தக் கூற்றுக்கு உறுதி கேட்கப்படுகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிய மாணவருக்கு இம்மூன்றும் சிக்கலே இல்லை. அந்தக் கேள்வியை நூல் ஓரிடத்திலும் எழுப்பவில்லை.

‘லெட்ஸ் கோ’, ‘லெட் அஸ் கோ’ இரண்டுக்கும் ‘ஷல் வீ?’ என்று ஒரே விடை கொடுத்திருப்பதும் இதே பார்வைக் குறைதான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு ‘போகலாம்’ என்று அழைத்தால் ‘ஷல் வீ?’ வரும். வாயிலில் தடுத்து நிறுத்திய காவலரிடம் ‘எங்களை விடுங்கள்’ என்று கேட்பவர்கள் ‘லெட் அஸ் கோ, வில் யூ?’ என்பார்கள். சுருக்காத ‘லெட் அஸ்’ முறைசார்ந்த நடையில் அழைப்பாகவும் வரக்கூடும் என்பதால் சூழலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ‘மஸ்ட்’ வரும் இடங்களிலும் அப்படியே: கடமையைச் சொன்னால் ‘மஸன்ட் யூ?’ பொருந்தும், ‘ஹீ மஸ்ட் பி டயர்ட்’ என்று ஊகத்தைச் சொன்னால் ‘இஸன்ட் ஹீ?’ என்பது இன்னும் இயல்பாக ஒலிக்கும், ‘மஸன்ட் ஹீ?’ என்பதைத் தவறென்று தள்ளிவிடவும் முடியாது. நூல் முதலாவதை மட்டுமே அறிந்திருக்கிறது.

‘ஐ ஆம் லேட்’ என்பதற்கு ‘ஆரன்ட் ஐ?’ என்றும், முறைசார்ந்த நடையில் ‘ஆம் ஐ நாட்?’ என்றும் இரண்டையும் தந்திருப்பது பாராட்டத்தக்கது. ‘ஹேவ் டு’ வந்தால் ‘டோன்ட்’, ‘ஹேவ் காட்’ வந்தால் ‘ஹாவன்ட்’, ‘யூஸ்ட் டு’ வந்தால் ‘டிடன்ட்’ என்ற பகுதியிலும் பிழையில்லை.

அட்டையில் ‘பேச்சு ஆங்கிலத்துக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருப்பதுதான் மிகை. டேக்கைக் குரல் ஏற்றிச் சொன்னால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறோம் என்றும், குரல் இறக்கிச் சொன்னால் தெரிந்ததற்கு ஒப்புதல் மட்டும் எதிர்பார்க்கிறோம் என்றும் பொருள்படும். பேச்சுக்கு இன்றியமையாத இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘ஸோ யூ ஆர் த நியூ மேனேஜர், ஆர் யூ?’ என்பதுபோல உடன்பாட்டுக்குப் பின் உடன்பாடே வந்து வியப்பையோ ஏளனத்தையோ காட்டும் வகையும் விடுபட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்?’ போடும் நம் ஊர் வழக்கத்தைக் கொச்சை என்று கடிந்திருக்கிறார்கள். லண்டன் இளைஞர்கள் அதே ‘இஸன்ட் இட்’டைச் சுருக்கி எல்லாவற்றுக்கும் ‘இன்னிட்’ என்று முடிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கடுமை சற்று அதிகமாகவே தோன்றும். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

பேச்சுக்கு உண்மையில் உதவுவது விடை சொல்லும் முறையைப் பற்றிய ஒரு பக்கம். ‘யூ டிடன்ட் ஈட், டிட் யூ?’ என்று ஒருவர் கேட்கும்போது, ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்று சொல்லிப் பழகிய நாம் ‘எஸ்’ என்று தொடங்கிவிடுகிறோம். சாப்பிடவில்லை என்றால் ‘நோ, ஐ டிடன்ட்’ என்றும், சாப்பிட்டிருந்தால் ‘எஸ், ஐ டிட்’ என்றும் உண்மை நிலையை ஒட்டியே சொல்ல வேண்டும் என்பதை இந்நூல் நான்கு உரையாடல்களில் காட்டுகிறது.

பயிற்சிகள் விதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் தலைப்பைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். அத்தியாயத்தின் இறுதியில் உள்ள கலப்புப் பயிற்சி ஒன்றுதான் மாணவரைச் சோதிக்கிறது. அதை முதலிலேயே செய்ய வைத்து, தவறியவற்றுக்குரிய பக்கங்களை மட்டும் படிக்கச் சொன்னால் நூல் நன்றாகப் பயன்படும். அதற்கு முன் விடைக்குறிப்பில் ‘ஐ டோன்ட் திங்க்’ வரியையும் ‘லெட் அஸ்’ வரியையும் பென்சிலால் திருத்திவிட வேண்டும்.