காட்டும் பணம், கையில் இருக்கும் பணம்: ஜெர்மனி, பிரிட்டன், கனடா

ஸ்டூடண்ட் விசாவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகையை மட்டும் பார்த்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். பணம் யார் பெயரில் இருக்க வேண்டும், எத்தனை நாள் இருக்க வேண்டும், அங்கே போய் இறங்கிய பிறகு அதில் எவ்வளவு உங்கள் கைக்கு வரும், இதுதான் முக்கியம்.

முதலில் பிரிட்டன், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே என்றால் 1,171 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். அதாவது லண்டனுக்கு 13,761, மற்ற ஊர்களுக்கு 10,539. இதோடு முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கியும் சேரும். இந்த மொத்தமும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28வது நாள் நீங்கள் விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்குள் வர வேண்டும். 20வது நாள் வீட்டில் யாரோ ஒரு பில் கட்ட அதே கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, இருப்பு ஒரே ஒரு நாள் தேவையான தொகையைவிட 50 பவுண்டு குறைந்தாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். கணக்கு வேறு நாட்டுப் பணத்தில் இருந்தால் மாற்று விகிதம் சரிந்தும் இதே கதி வரலாம், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கலாம், அப்பா அம்மா பெயரில் இருக்கலாம் (பிறப்புச் சான்றிதழும் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டும்). மாமா, சித்தப்பா, அண்ணன் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது செல்லாது.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. பிரிட்டன் பணத்தைக் காட்டத்தான் சொல்கிறது, ஒப்படைக்கச் சொல்வதில்லை. அதனால் 28 நாளுக்கு மட்டும் யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போட்டுவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். போய் இறங்கிய முதல் வாரமே வாடகைக்குத் தவிக்கப்போவது அந்தப் பிள்ளைதானே? படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலையை வைத்து லண்டனில் முழுச் செலவையும் சமாளிக்க முடியாது, அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அப்புறம் அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம், வருடத்துக்கு 776 பவுண்டு, விசாவுக்கு முன்பே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். ஒரு வருட மாஸ்டர்ஸுக்கும் விசா அதைவிட நீளமாகத்தான் வரும், ஆகவே பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்கு, அதாவது 1,164 பவுண்டு.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர். பிளாக்டு அக்கவுண்ட் (பணத்தை முடக்கி வைத்து மாதாமாதம் விடுவிக்கும் கணக்கு) திறந்து 2024 செப்டம்பர் கணக்குப்படி 11,904 யூரோ போட வேண்டும், பிறகு மாதம் 992 யூரோதான் வெளியே வரும். மொத்தமாக முன்கூட்டியே போடுவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் உங்களுக்கே வருகிறது, இடையில் வேறு யாரும் கை வைக்க முடியாது, விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. பிளாக்டு அக்கவுண்ட் பணம் வர அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும், அதற்குப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும், அதற்கு முதலில் வீடு வேண்டும், வீட்டுக்காரரோ மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம். ஆக முதல் சில வாரங்கள் 11,904 யூரோ இருந்தும் கையில் ஒன்றும் இருக்காது. இதற்கென்று தனியாக 2,000 யூரோவாவது எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கையே நடக்காது, அரசுக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். அந்த 992-க்குள்தான் இதையும் அடக்க வேண்டும்.

கனடா இரண்டுக்கும் நடுவில். 2025 செப்டம்பர் 1 முதல் கியூபெக் தவிர மற்ற இடங்களில் தனி ஆளுக்கு 22,895 கனடிய டாலர், முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் தனி. முன்பு மாணவர் விசாவுக்கான விரைவு வழியான எஸ்டிஎஸ்-க்கு (Student Direct Stream) ஜிஐசி, அதாவது கனடா வங்கியில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வைப்புச் சான்றிதழ், கட்டாயமாக இருந்தது, அந்த வழியை 2024 நவம்பர் 8-ல் மூடிவிட்டார்கள். இப்போது நான்கு மாத வங்கி ஸ்டேட்மெண்ட், கல்விக் கடன் எல்லாம் காட்டலாம். இருந்தாலும் முடிந்தவர்கள் ஜிஐசியே போடுங்கள் என்பேன், போனதும் ஒரு பகுதி கைக்கு வரும், மீதி தவணையாக வந்துகொண்டிருக்கும், ஜெர்மனியின் அந்த முதல் மாதத் தவிப்பு பெரும்பாலும் இருக்காது.

மொத்தத் தொகையை ஒரே நேரத்தில் புரட்ட முடிகிற, கட்டணச் செலவைக் குறைக்க நினைக்கிற குடும்பத்துக்கு ஜெர்மனி. ஒரே வருடத்தில் மாஸ்டர்ஸ் முடிக்க வேண்டும், காட்டும் பணம் முழுக்கச் சொந்தப் பணம் அல்லது முறையான கல்விக் கடன் என்றால் பிரிட்டன். கனடாவுக்குப் போகிறவர்கள் 22,895-ஐ மட்டும் பார்க்காமல் இரண்டாம் வருடக் கட்டணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.