அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ், ஸ்கின்: எதை முதலில் பார்ப்பது?

இரண்டு படங்களுமே, ஹிட்லரின் இனவெறியைப் பின்பற்றும் அமெரிக்க நியோ நாஜிக் கும்பலை விட்டு வெளியேறும் ஒருவனின் கதை. ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் எது?

கதை: எக்ஸ் (1998) கற்பனை. ஸ்கின் (2018) பிரையன் வைட்னர் என்பவரின் உண்மை வாழ்க்கையை ஒட்டியது.

மனமாற்றம்: எக்ஸில் சிறைதான் திருப்பம். துணி துவைக்கும் இடத்தில் கூடவே வேலை செய்யும் கறுப்பினக் கைதி பேசிப் பேசி, சிரிக்க வைத்து நாயகன் டெரெக்கின் வெறுப்பைக் கரைக்கிறான், எனக்குப் படத்திலேயே பிடித்த பகுதி அதுதான். ஸ்கின்னில் காதலும் குழந்தைகளும் இழுக்கிறார்கள், ஆனால் கும்பல் விடுவதில்லை, முகம் முழுக்கக் குத்தியிருக்கும் பச்சையும் விடுவதில்லை. அதை லேசரால் அழிக்கும் வலியை நடுநடுவே காட்டிக்கொண்டே போகிறார்கள்.

நடிப்பு: எக்ஸின் எட்வர்ட் நார்டனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஸ்கின்னின் ஜேமி பெல்லும் சளைத்தவரில்லை.

வன்முறை: எக்ஸின் நடைபாதைக் காட்சியைப் பலரால் பார்க்க முடியாது, சிறுவர்களோடு வேண்டவே வேண்டாம்.

வெறுப்பு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, தம்பி வரை எப்படிப் பரவுகிறது என்று புரியவேண்டுமா, எக்ஸ். வெளியே வந்த பிறகு படும் பாடு தெரியவேண்டுமா, ஸ்கின். அப்புறம், அதே இயக்குநர் கய் நாட்டிவ் எடுத்து ஆஸ்கர் வாங்கிய ஸ்கின் குறும்படம் வேறு கதை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.