திரெட்போ: பந்தய வீரருக்குப் போதாத மலை, நமக்குப் போதுமா?

ஆஸ்திரேலியாவின் பனிச்சறுக்கு மலையான திரெட்போவை எடைபோட 672 மீட்டர் என்ற ஓர் எண் போதும். ஊர் 1365 மீட்டரில் இருக்கிறது, கேரல்ஸ் டீ-பாரின் (நின்றபடியே இழுத்துச் செல்லும் லிஃப்ட்) உச்சி 2037 மீட்டரில். லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்க இவ்வளவு உயரம் ஆஸ்திரேலியாவில் வேறெங்கும் கிடையாது. ஆனால் உலகக் கோப்பை ஆண்கள் டவுன்ஹில்லுக்கு, அதாவது அதிவேக நேரிறக்கப் பந்தயத்துக்கு, விதி கேட்பது 800 மீட்டர். 1989 ஆகஸ்டில் உலகக் கோப்பை இங்கே வந்தபோதும் நடந்தவை கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் ஸ்லாலோமும் ஜயன்ட் ஸ்லாலோமும்தான். விக்டோரியாவின் மர்டில்ஃபோர்டுக்காரர் மால்கம் மில்ன் 1969இல் ஆஸ்திரேலியாவுக்கு முதல் உலகக் கோப்பை வெற்றியைத் தந்ததும் இங்கே அல்ல, பிரான்சின் வால் திசேரில், டவுன்ஹில்லில். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்லாலோம் வெண்கலமும் மறு ஆண்டே உலகப் பட்டமும் வாங்கிய ஆஸ்திரேலியரான ஸாலி ஸ்டெகால் சிறுவயதில் சறுக்கி வளர்ந்ததும் பிரான்சின் மோர்ஸீனில்தான்.

விடுமுறைக்குப் போகிறவருக்கு இந்த உயரம் தாராளம். கோசியஸ்கோ லிஃப்டின் உச்சியான ஈகிள்ஸ் நெஸ்டிலிருந்து இறங்கும் க்ராக்கன்பேக் சூப்பர்டிரெயில் என்ற சறுக்குப் பாதை 3.7 கிலோமீட்டர், ஓரளவு பழகியவர் தொடை எரிய எரிய நிற்காமல் இறங்கலாம். சிக்கல் அதன் கீழ்ப்பகுதியில். 1365 மீட்டர் என்பது பனிக்குத் தாழ்வான இடம். இயந்திரப் பனியை நம்பித்தான் அந்தப் பகுதியே ஓடுகிறது. இரவில் உறைந்தது காலையில் கண்ணாடி போல இருக்கும், மதியத்துக்கு மேல் கூழாகிவிடும். ஆகவே சூப்பர்டிரெயிலை முற்பகலில் முடித்துவிட்டு, பிறகு மேல்மட்டத்திலேயே சுற்றுங்கள். மாலையில் கோசியஸ்கோ லிஃப்டிலேயே உட்கார்ந்து இறங்கிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுக்கும் ஸ்கீயின் விளிம்பை நகத்தில் லேசாக உரசிப் பாருங்கள். நகம் சீவப்படாவிட்டால் மொட்டை. காலைப் பனியில் அது பிடிக்காது, வேறு கேளுங்கள்.

காற்று இன்னொரு தொல்லை. மேலே மரமில்லை, ஆகவே காற்று வலுத்தால் முதலில் நிற்பவை உச்சி லிஃப்டுகள். டிக்கெட் வாங்குமுன் எவை ஓடுகின்றன என்று பாருங்கள். டீ-பாரில் முதல்முறை ஏறுகிறவர்கள் அதில் உட்காரப் பார்த்து விழுகிறார்கள். அது இருக்கை இல்லை. பிட்டத்துக்குக் கீழே வைத்து, முழங்காலை இளக்கி நின்றால் தானே இழுத்துக்கொண்டு போகும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு மலையடிவாரத்து ஃப்ரைடே ஃப்ளாட் அருமை: அகலம், மெதுவான சரிவு. ஆனால் அங்கிருந்து அடுத்த படி சற்றே உயரம். எளிய சரிவுகள் இந்த மலையில் குறைவு, பெரும்பகுதி நடுத்தரம். இரண்டாம் நாளே ஈகிள்ஸ் நெஸ்டுக்குக் கூட்டிப்போகும் நண்பரை நம்ப வேண்டாம். மெரிட்ஸ் கோண்டோலாவில் (மூடிய கூண்டு லிஃப்ட்) ஏறி க்ரூஸர் லிஃப்டுப் பக்கம் பழகுவதே சரியான வரிசை. 2020இல் வந்த இந்தக் கோண்டோலா ஆறு நிமிடம் போல எடுக்கிறது. முன்பிருந்த நாற்காலி லிஃப்டோ நடுங்க வைக்கும் நீண்ட பயணம். முழுக் குடும்பமும் கற்றுக்குட்டி என்றால் பக்கத்துச் சறுக்குத் தலமான பெரிஷர் வசதி.

சீசன் ஜூன் நீள் வாரயிறுதியில் திறக்கும், பனி அப்போதே வந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. பணம் போட்டுப் போகிறவர் ஜூலை பிற்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பார்த்துக்கொள்வது நல்லது.

கான்பெராவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். அந்த மாதங்களில் திரெட்போ இருக்கும் தேசியப் பூங்காவுக்குள், இரண்டு சக்கரங்களை மட்டும் எஞ்சின் ஓட்டும் கார் டயர்ச் சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள், சாலையோர இருட்டில் விரல் விறைத்துக் கற்க முடியாது. டீசல் வண்டி என்றால் டேங்க்கைக் காலியாக்கிக்கொண்டு போய், கூமாவிலோ ஜிண்டபைனிலோ குளிருக்கென்றே வரும் ஆல்பைன் டீசல் நிரப்புங்கள். சாதா டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். இரவில் கியரில் போட்டு நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போட்டால் காலையில் உறைந்துபோய் விடுபடாமல் பிடித்துக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி வையுங்கள்.