பழைய இரும்பா, புது லேத்தா: பெரிய மரக் கடைசல் லேத்துக்கு உதிரி பாகம் தேடிய கதை

முன்பக்க பேரிங் மூடியின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, கல்லாய் இறுகிப்போன கிரீஸைத் துணியால் வழித்து எடுத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பேரிங்கின் ஓரத்தில் மங்கலாக 6208 என்று தெரிந்தது. விற்பவர் பெயின்ட்டைப் பற்றியும் எடையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. இந்த லேத்தை வாங்கலாம் என்று முடிவு செய்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

கனமான மரக் கடைசல் லேத் வேண்டும் என்றால் முன்னால் நிற்கும் வழிகள் மூன்று. ஒன்று, வாட்கின், ஆலிவர் போன்ற கம்பெனிகள் அந்தக் காலத்தில் பேட்டர்ன் (உலோக வார்ப்புக்கான மர மாதிரி) செய்பவர்களுக்காக வார்த்த பழைய இயந்திரங்கள். அல்லது ஹாரிசன் கிராஜுவேட் மாதிரி மரக் கடைசலுக்கென்றே வந்த பழையவை. இரண்டாவது, கடைசல் லேத்தையே தொழிலாகக் கொண்ட சிறு கம்பெனிகளின் புது இயந்திரங்கள்: கனடாவின் ஒன்வே, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், அமெரிக்காவின் ரோபஸ்ட். பவர்மேட்டிக் 3520 போல பெரிய கம்பெனிகள் விற்பவையும் ஏறத்தாழ இந்த வரிசைதான். மூன்றாவது, பெல்ட்டே இல்லாமல் மோட்டாரின் தண்டே ஸ்பிண்டிலாக, அதாவது மரத்தைச் சுழற்றும் தண்டாக, ஓடும் டைரக்ட் டிரைவ். நியூசிலாந்தின் நோவா டி.வி.ஆர் இதற்குப் பேர் போனது.

எடை, ஸ்விங் (எவ்வளவு அகல மரத்தைச் சுழற்றலாம்), மரத்தின் இரு முனையையும் தாங்கும் இரண்டு சென்டருக்கும் நடுவில் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் விளம்பரத் தாளிலேயே படித்துக்கொள்ளலாம். கனமாக இருந்தால் அதிராது, அகலமாக இருந்தால் பெரிய கிண்ணம் கடையலாம், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து ஒரு பாகம் போனால் அது எங்கே கிடைக்கும் என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை. நான் பார்த்தது அதை மட்டுமே.

அதற்குக் காரணம் பட்ட அடி. இதற்கு முன் வைத்திருந்தது நடுத்தர அளவு லேத். டி.சி. மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், உள்ளே கம்பெனியே செய்த கன்ட்ரோல் போர்டு. ஐந்தாவது வருடம் ஒரு நாள் ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் நேராக உச்ச வேகத்துக்குப் பாய்ந்தது, குமிழைத் திருப்பினால் ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளை, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மரம் இல்லை. கம்பெனிக்கு எழுதினேன். அந்த போர்டு இப்போது வருவதில்லை, புது போர்டுக்குப் பழைய மோட்டார் பொருந்தாது, இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. அதுவும் கையிருப்பில் இல்லை. இரும்பு அப்படியே இருந்தது, பேரிங் சத்தம்கூட இல்லை. உள்ளங்கை அகலப் பலகை ஒன்றுக்காக முழு இயந்திரமும் நான்கு மாதம் போர்வைக்குள் கிடந்தது.

அன்றிலிருந்து எந்த லேத்தைப் பார்த்தாலும் தேய்கிற, எரிகிற, அறுகிற பாகங்களின் மேல் என்ன எண் போட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பேரிங், பெல்ட், மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், இந்த நான்கும் போதும். எண் உலகப் பொதுவானதாக இருந்தால் லேத் செய்த கம்பெனி மூடிப்போனாலும் கவலை இல்லை. கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போட்ட எண்ணாக இருந்தால், அந்தக் கம்பெனி இருக்கிற வரைக்கும்தான் நம் லேத்தும்.

6208 என்றால் யாரும் எங்கும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும்: 40. வெளிவிட்டம் 80, அகலம் 18. யார் செய்தாலும் இதே அளவு. பின்பக்கம் 6207 இருந்தது. இரண்டையும் கழற்றிவிட்டு, இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2RS வகை போட்டேன். மரத்தூள் பறக்கிற இடத்தில் திறந்த பேரிங் வைப்பதில் அர்த்தமில்லை.

பழைய இங்கிலாந்து இயந்திரங்கள் எல்லாவற்றிலும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் அங்குல அளவு பேரிங் இருக்கும். RLS, RMS என்று தொடங்கும் எண்கள் அவை. இன்னும் கிடைக்கின்றன, ஆனால் தேட வேண்டும், விலையும் கூடுதல். அதற்கும் முந்தியவற்றில் பேரிங்குக்குப் பதில் வெள்ளை உலோகம் ஊற்றிச் சுரண்டிப் பொருத்தியிருப்பார்கள். எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் அழகாக ஓடும். தேய்ந்துவிட்டால் மறுபடி ஊற்றத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் அந்த லேத்தைத் தொடாதீர்கள்.

பெல்ட்டும் அதே கதைதான். பட்டை பட்டையாக வரி உள்ள பெல்ட் என்றால் முதுகில் வரிகளின் எண்ணிக்கையும் PJ போன்ற எழுத்தும் நீளமும் அச்சிட்டிருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் போதும். ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குள் ஓடும் பெல்ட்டை மாற்ற ஸ்பிண்டிலையே உருவ வேண்டியிருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அதனால் பேரிங் மாற்றும்போதே பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். சாதாரண வி-பெல்ட் என்றால் துண்டு துண்டாகக் கோத்த இணைப்பு பெல்ட் போட்டு, ஸ்பிண்டிலைத் தொடாமலே தப்பிக்கலாம். நான் முதலில் அப்படித்தான் ஓட்டினேன்.

இப்போது மோட்டார். பழைய கனமான லேத்துகளில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ். பலர் இங்கேதான் பயந்து ஓடுகிறார்கள், எனக்கு மலிவாகக் கிடைத்ததும் அந்தப் பயத்தால்தான். ஒரு ஃபேஸ் மின்சாரத்தை வாங்கி மூன்று ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி டிரைவ் சின்னப் பெட்டிதான். ஏறத்தாழ 3 குதிரைத்திறன் வரை எளிதாகக் கிடைக்கிறது, வேகக் கட்டுப்பாடும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் மோட்டாரின் தகட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது. 230/400 என்று இரண்டு வோல்ட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டைகளை ஸ்டார் இணைப்பிலிருந்து (400 வோல்ட்டுக்கு) டெல்டா இணைப்புக்கு (230-க்கு) மாற்றிப் போட்டால் போதும், பத்து நிமிட வேலை. வெறும் 400, ஸ்டார் என்று மட்டும் இருந்தால் மூன்று காயிலின் முனைகளும் சுற்றுக்குள்ளேயே ஒன்றாக முறுக்கிப் புதைந்திருக்கும். காயில் கட்டுபவர் அந்த முடிச்சைத் தேடிப் பிரித்து மூன்று ஒயர்களை வெளியே இழுத்துத் தர வேண்டும். என்னுடையது இரண்டாவது ரகம். பழைய வார்னிஷ் சுட்டுப் பிளாஸ்டிக் போல இறுகியிருந்ததால் கட்டியிருந்த நூலை ஊசியால் ஒவ்வொன்றாக அறுத்தோம். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அதற்குப் பதில் பொதுவான ஃபிரேம் (வெளிக்கூடு) அளவில் புது மோட்டாரே வாங்கியிருக்கலாமோ என்று அப்போது தோன்றியது. இன்று அந்த வேலையை ஆரம்பித்தால் புது மோட்டார்தான் போடுவேன்.

டிரைவ் போடும்போது இரண்டு தப்பு சாதாரணமாக நடக்கிறது. முதல் தப்பு, லேத்தின் பழைய ஆன்-ஆஃப் ஸ்விட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டுவிடுவது. ஓடும்போது அந்த ஸ்விட்சை அணைத்தால் டிரைவ் போய்விடக்கூடும். ஸ்விட்ச் ஒயர்களை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, படிப்படியான புல்லியை ஒரே படியில் நிறுத்திவிட்டு எல்லா வேகத்தையும் குமிழிலேயே எடுப்பது. 50 ஹெர்ட்ஸில் 2 குதிரைத்திறன் தரும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் 1 குதிரைத்திறன்தான் தரும். பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினால் அதே 2 குதிரைத்திறனும் மெதுவான வேகத்தில் முறுக்காக வந்து சேரும். அரை மீட்டர் அகலத்தில், தோலோடு, ஒரு பக்கம் கனமாக இருக்கும் துண்டை உருட்ட ஆரம்பிக்கும்போது இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். குமிழில் வேகம் குறைத்தால் உளி பட்டதும் மரம் நிற்கும். கீழ்ப்படியில் நிற்காது. போதாததற்கு, மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால் மெதுவாக ஓட்ட ஓட்டக் காற்று குறைந்து சூடேறும்.

நிறுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கனமான கிண்ணம் சுழலும்போது டிரைவை இரண்டு நொடியில் நிறுத்தச் சொன்னால், சுழலும் மரமே மோட்டாரை ஜெனரேட்டராக்கி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், டிரைவ் ஓவர்வோல்டேஜ் என்று காட்டிக் கைவிரிக்கும். தடுக்கப் பிரேக் ரெசிஸ்டர் போடலாம். ஆனால் அப்படித் திடீரென்று நின்றால் மரையில் மாட்டிய சக் தன் வேகத்திலேயே கழன்று வரும் ஆபத்து இருக்கிறது. நான் 10 நொடி வைத்திருக்கிறேன். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

பழைய லேத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது மின்சாரப் பக்கத்தை அல்ல, காணாமல் போன இரும்பை. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இல்லாமல் விற்கிறார்கள் என்றால் நடையைக் கட்டுங்கள். வேறு லேத்தின் டெயில்ஸ்டாக் சென்டர் உயரத்தில் ஒத்துவருவது குதிரைக் கொம்பு. உளியைச் சாய்த்து வைக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் பாஞ்சோ மட்டும் இல்லையென்றால் பரவாயில்லை, வேறொன்றைப் போட்டுக் கீழே கட்டை கொடுத்துச் சமாளிக்கலாம். டூல் ரெஸ்ட்டை எந்த மெஷின் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். ஹெட்ஸ்டாக் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா, பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பெயின்ட்டுக்கு மேல் விரல் ஓட்டிப் பாருங்கள். ஸ்பிண்டில் மரையையும் அளந்துவிடுங்கள். இன்று சக் விற்பவர்கள் எடுத்ததும் நீட்டுவது M33 x 3.5, ஒன்றேகால் அங்குலம் 8 மரை போன்றவை. கிராஜுவேட்டில் ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 6 மரை, வெளிப்பக்கத்தில் இடது மரை. அதற்கும் சக்கில் செருகும் அடாப்டர் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். என் லேத்தும் அந்த மாதிரி விசித்திர மரைதான். அடாப்டரை நம்பாமல், மரத்தைத் திருகி மாட்டும் ஃபேஸ்பிளேட் இரண்டைப் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொண்டேன்.

சரி, புது லேத்துக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், தொழிலாகத் தினமும் எட்டு மணி நேரம் கடைபவருக்கு நான் என் வழியைச் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தால் அவர் பிழைப்பு என்னாவது? ஒன்வே, விக்மார்க், ரோபஸ்ட் மூன்றும் கடைசல்காரர்களை மனதில் வைத்தே கட்டிய இயந்திரங்கள். ரோபஸ்ட்டின் பெட்டில், அதாவது எல்லாம் உட்கார்ந்திருக்கும் நீள அடிப்பகுதியில், தேயும் பரப்பு துருப்பிடிக்காத எஃகு. பச்சை மரம் கடையும்போது தெறிக்கும் சாறு வார்ப்பிரும்பை ஒரே ராத்திரியில் கருநீலமாக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நானும் தினமும் மெழுகு துடைக்கிறேன், மறந்த நாளுக்கு அடையாளமாக டெயில்ஸ்டாக்குக்குப் பக்கத்தில் ஒரு கறை இருக்கிறது. இந்த வகையில் பேரிங், பெல்ட், டிரைவ் என எல்லாம் பொதுச் சந்தை எண்ணில் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுத்தால் என் வாதத்துக்கு அதுவும் பொருந்திவிடும். விற்கும்போது பெயருக்கே விலை கிடைக்கும். என் லேத்தை விற்பதென்றால், வாங்குபவர் வார்ப்பிரும்புப் பைத்தியமாகவும், 600 கிலோவைத் தூக்க ஆள் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும்.

டைரக்ட் டிரைவில் நான் மொத்தம் இரண்டு நாள்தான் கடைந்திருக்கிறேன், நண்பருடைய லேத்தில். பெல்ட் சத்தம் இல்லை, உளி அழுந்தினாலும் வேகம் அசையவில்லை. மெல்லிய கிண்ணம் கடையும்போது அந்த அமைதி ஒரு சுகம். அவருக்கு இதுவரை ஒரு கோளாறும் வரவில்லை. ஆனால் ஸ்பிண்டில், மோட்டார், போர்டு மூன்றும் ஒன்றுக்கொன்று தாலி கட்டிக்கொண்டவை. ஒன்று போனால் கடையில் கிடைக்கும் வேறொன்றை வைத்து ஓட்ட முடியாது, கம்பெனியிடம்தான் போக வேண்டும். சூடு கண்ட பூனை நான், அதனால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன். கம்பெனியின் சர்வீஸ் உங்களுக்கு எளிதில் கிடைக்கும் என்றால் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் லேத் இப்போது நான்காவது வருடம் ஓடுகிறது. அலமாரியில் ஒரு தகர டப்பாவில் 6208 ஒன்று, 6207 ஒன்று, பெல்ட் ஒன்று. டிரைவை மரத்தூள் போகாத மூடிய பெட்டிக்குள் வைத்து, அதில் போட்ட அளவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதே மாடலில் இன்னொரு டிரைவும் வாங்கி வைத்திருக்கிறேன். டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரமே பார்க்காமல் கிடந்தாலும் பலம் இழக்கும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்து மேலே தேதி எழுதிவிடுகிறேன். பெட்டியின் மேல் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன.