டேபில் இடம் இல்லை: கேஷை மட்டும் துடைப்பதா, மொத்தமாக அழிப்பதா?

எங்கள் வீட்டில் இருப்பது 32 ஜிபி டேப் ஒன்றே ஒன்று. தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு ரூமில் அதுதான் பையனுக்குப் பாடம், அம்மாவுக்குச் சீரியல், ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு யூடியூப். போன மாதம் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று நாளுக்கு நாலு தடவை கத்த ஆரம்பித்தது. தெருமுனை மொபைல் கடைத் தம்பி "ரீசெட் போட்டுடலாம்ணே" என்றான் (டேபில் இருப்பதை மொத்தமாக அழித்துப் புதுசு போல ஆக்குவது), ஆபீஸில் ஒருத்தர் கிளீனர் ஆப் போடச் சொன்னார், நானோ ஒரு நாள் கோபத்தில் கண்டதை அழுத்தி மாட்டிக்கொண்டேன். எல்லாம் யோசித்துப் பார்த்தபின் நான் நிற்பது ஒரே பக்கம்தான்: ஆப் ஆப்பாகப் போய் கேஷ் (cache), அதாவது சீக்கிரம் திறக்க ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் ஃபைல்களை, மட்டும் துடைப்பது.

செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், ஓர் ஆப்பைத் தட்டி, ஸ்டோரேஜுக்குள் நுழைந்தால் இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று கிளியர் கேஷ். இன்னொன்று கிளியர் ஸ்டோரேஜ், சில டேபில் கிளியர் டேட்டா என்றிருக்கும். பக்கத்து பக்கத்தில் இருப்பதுதான் வம்பே.

எங்கள் பெரியம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவர். அவரிடம் ஒரு ஐஸ் பெட்டியும் யார் யார் கடன் பாக்கி என்று எழுதிய நோட்டும் உண்டு. கேஷ் என்பது அந்த ஐஸ் பெட்டி மாதிரி. ஒவ்வொரு தடவையும் கடற்கரைக்கு ஓட வேண்டாமே என்று கையோடு வைத்துக்கொள்வது. காலி செய்தால் மறுபடி போய் எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். கிளியர் ஸ்டோரேஜ் அழுத்துவது பெட்டியோடு நோட்டையும் சேர்த்து அடுப்பில் போடுவது. லாகின், செட்டிங்ஸ், அந்த ஆப் டேபுக்குள் சேமித்து வைத்ததெல்லாம் போய்விடும். வாட்ஸ்அப்பில் பேக்கப் இல்லாமல் இதைச் செய்தால் சாட் எல்லாம் காலி.

நான் மாட்டியது பையனுடைய பாட ஆப்பில். எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்காமல் அழுத்தியது நான்தான், ஆப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஜிபி கிடைத்தது, சந்தோஷம். திறந்தால் லாகின் கேட்கிறது, ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது என்று பார்த்தால் நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்முக்கு. அந்த சிம்மைத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அப்புறம் டவுன்லோடு செய்து வைத்திருந்த பாடங்களை எல்லாம் திரும்ப இறக்க வேண்டும். எங்களிடம் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளான், வைஃபை கிடையாது, அதனால் மூன்று நாள் அம்மாவுக்குச் சீரியல் கட். முடிவில் ஆப் பழையபடி ஒன்றே முக்கால் ஜிபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

இதனால்தான் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று பார்ப்பதைவிட, போனதைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு டேட்டாவும் எத்தனை ஓடிபியும் ஆகும் என்று பார்க்கச் சொல்கிறேன். கேஷ் துடைத்தால் ஆப் முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், படங்கள் மறுபடி இறங்கும், லாகின் அப்படியே இருக்கும். இதுவும் ஒரு அளவுக்குத்தான். தினமும் துடைப்பது வீண் வேலை, துடைத்ததைத் தினமும் திரும்ப இறக்கி டேட்டாவைத் தீர்ப்பீர்கள். இடம் ரொம்பக் குறைந்தால் ஆண்ட்ராய்டே கேஷை அழிக்கத் தொடங்கும்.

பிரவுசருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குரோமில் பிரவுசிங் டேட்டா அழிக்கும் இடத்தில் ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் மூன்றும் ஒன்றாக டிக் ஆகி நிற்கும். கேஷ் படங்கள், ஃபைல்கள் என்பதை மட்டும் டிக்கோடு விட்டுவிட்டு மற்ற டிக்கை எடுத்துவிடுங்கள். குக்கீ என்பது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் போடும் சின்னக் குறிப்பு, அது போனால் பெரும்பாலான தளங்களில் லாகின் போகும். ஒரே கூகுள் கணக்கில் டேபும் போனும் ஒத்துப்போகிற சிங்க் போட்டிருந்தால், டேபில் அழித்த ஹிஸ்டரி போனிலும் காணாமல் போகும்.

கிளீனர் ஆப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இன்றைய ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் இன்னொன்றின் கேஷை நேராகத் தொட முடியாது. அதனால் அக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, நீங்கள் தட்ட வேண்டிய பட்டனை அது தட்டுகிறது. அந்த அனுமதி கொடுத்தால் திரையில் இருப்பதையெல்லாம் அது படிக்கலாம். ஜிபே, பேங்க் ஆப் இருக்கும் டேபில் நான் கொடுக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு 8க்கு முன்பு எல்லா கேஷையும் ஒரே தட்டில் அழிக்கிற வசதி செட்டிங்ஸிலேயே இருந்தது, எடுத்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு.

ரீசெட்டை டேபை விற்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபேட் எங்களிடம் இல்லை. மச்சானுடையதை இரண்டு தடவை நோண்டியதுதான் என் அனுபவம், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சஃபாரிக்கு அழிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மற்ற ஆப்களுக்கு இந்த கிளியர் கேஷ் பட்டனே செட்டிங்ஸில் கிடையாது. ஆஃப்லோடு என்று ஒன்று உண்டு, அது ஆப்பை நீக்கிவிட்டு அதன் டேட்டாவை வைத்துக்கொள்ளும். அதாவது நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

டெலிகிராம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பார்த்த வீடியோ எல்லாம் டேபிலேயே குவிந்து கிடக்கும். அதன் செட்டிங்ஸிலேயே ஸ்டோரேஜ் யூசேஜில் போய், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை ஒரு வாரமாக மாற்றினேன். மீடியா அவர்கள் சர்வரில் இருக்கும், வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். எனக்கு இங்கே மட்டும் நாலு ஜிபி கிடைத்தது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, குழம்பு கொதிக்கிற நேரத்தில் யூடியூப், குரோம், பாட்டு ஆப் மூன்றுக்கு மட்டும் கேஷ் துடைக்கிறேன். பாட ஆப் பக்கம் போவதில்லை. அந்தப் பழைய சிம்முக்கு ரீசார்ஜும் தவறுவதில்லை.