வன்னியில் ஓர் உடற்தகுதிப் பரிசோதனைச் சேவை: பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்

கிளிநொச்சியில் ஆசிரியராகப் பணிபுரியும் நான், 43 வயதில் ட்ரையத்லன் பழகத் தொடங்கியவன். 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம் என்ற ஒலிம்பிக் தூரத்தை நடக்காமல், நிற்காமல் முடிப்பதே என் இலக்கு. மாதத்துக்கொரு தடவை வன்னிக்கு வந்து, உடற்தகுதியைச் சோதித்து, பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம் எழுதித் தரும் ஒரு பயிற்றுவிப்பாளரின் சேவையை மே மாத இறுதியில் பெற்றேன். குறைகளையும் எழுதப்போவதால் அவருடைய பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் ஒரு நல்ல ஓட்டச் சப்பாத்தின் விலையிலும் குறைவு.

முதலில் நீச்சல். 25 மீற்றர் தடாகத்தில் 400 மீற்றரை முழு முயற்சியுடன் நீந்தி, நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீற்றரையும் அவ்வாறே நீந்த வேண்டும். எனக்கு முன்னையது 9 நிமிடம் 20 செக்கன், பின்னையது 4 நிமிடம் 20 செக்கன். இரண்டுக்கும் இடைப்பட்ட 5 நிமிடத்தை 200 மீற்றருக்குரியதாகக் கொண்டால், 100 மீற்றருக்கு 2 நிமிடம் 30 செக்கன் என்பது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய என் எல்லை வேகமாகிறது. கடதாசியில் இரண்டு வரியில் முடிகிற இந்தக் கணக்குக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

சைக்கிள் சோதனையில்தான் என் முதலாவது முறைப்பாடு இருக்கிறது. நீந்தி இரண்டு மணித்தியாலம்கூட ஆகாத நிலையில், மிதிக்கும் வலுவை வாட்டில் காட்டும், நிலையாகப் பொருத்திய சைக்கிளில் 20 நிமிடம் இயன்றவரை மிதிக்கச் செய்தார். சராசரி 190 வாட் வந்தது. அதில் 95 சதவீதத்தை, ஏறத்தாழ 181 வாட்டை, ஒரு மணித்தியாலம் தாங்கக்கூடிய வலுவாகக் கொள்வது வழக்கம். எட்டு வாரங்களின் பின், வேறு சோதனை எதுவும் இல்லாத காலையில், அதே 20 நிமிடத்தில் 206 வாட் மிதித்தேன். அதைப் பயிற்சியின் பலன் என்று அவர் மகிழ்ந்தார். கால்கள் களைக்காமல் இருந்ததற்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம். இத்தகைய சோதனைகளுக்கிடையே ஒரு நாளாவது விட வேண்டும். மாதத்துக்கொருமுறை வருபவருக்கு அது சிரமம் என்பதும் எனக்கு விளங்குகிறது.

ஓட்டச் சோதனை மிகவும் பயன்பட்டது. இரணைமடுக் குளக்கட்டில் விடியற்காலை தனியாக 30 நிமிடம் முழு முயற்சியுடன் ஓடி, கடைசி 20 நிமிடங்களின் சராசரி இதயத் துடிப்பை எடுக்கச் சொன்னார். அது 171. இறுதி நிமிடத்தில் மார்புப் பட்டி 184 காட்டியது. 220 இலிருந்து வயதைக் கழித்தால் வரும் 177ஐ என் உச்சத் துடிப்பு என்று இரண்டு வருடங்களாக நம்பியிருந்தேன். தனி மனிதருக்கு அந்தச் சூத்திரம் பத்துத் துடிப்புக்கு மேலும் பிழைக்கலாம். இலகுவான ஓட்டம் என்று நான் எண்ணியவை 160 துடிப்பில் ஓடியவை என்பதைக் கைக்கடிகாரப் பதிவுகளில் பார்த்த அவர், “சேர், நீங்கள் ஒவ்வொரு நாளும் சோதனை எழுதிறியள், படிக்கிறது எப்ப?” என்று கேட்டார். வகுப்பறையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம். இப்போது இலகு ஓட்டத்தில் 152ஐத் தாண்டுவதில்லை. முதல் மூன்று வாரங்கள் என் வீட்டுக்கு அருகிலுள்ள பையன்கள் செருப்புடன் என்னை முந்திப் போனார்கள்.

காது மடலில் குத்தி, கடும் முயற்சியில் இரத்தத்தில் கூடும் லக்ரேற்றின் அளவு பார்க்கும் சோதனைக்கு மேலதிகக் கட்டணம் கேட்டார். என் தரத்துக்கு அது அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

திட்டம் வேறு கதை. முதலில் கிடைத்த பிரதி, வன்னியைக் காணாத ஒருவருக்காக எழுதியதுபோல் இருந்தது. சைக்கிள் பயிற்சிகள் அனைத்தும் வாட் கணக்கில் இருந்தன. வலுமானி இல்லாத என் சைக்கிளில் 140 வாட் என்றால் என்னவென்று எப்படி அறிவது? வேகத்தை நம்பலாமென்றால், தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் யூன், யூலை மாதங்களில் ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து தெற்கே முறிகண்டிக்குப் போகையில் 20 கிலோமீற்றர் வேகத்துக்கே மூச்சு வாங்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் பை ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினால், கால் ஆட்டாமலே 32 போகும். சனிக்கிழமை தோறும் ‘திறந்த நீர்நிலையில் நீச்சல்’ என்றும் எழுதியிருந்தது. எங்கள் குளங்களில் முதலை உண்டு என்பதை அந்த அட்டவணை அறியவில்லை.

இவற்றைக் குரற்பதிவாக அனுப்பினேன். இரண்டு நாட்களில் முழுத் திட்டமும் மாறி வந்தது. வாட் இருந்த இடங்களில் துடிப்பு எல்லைகளும், பேச முடிகிறதா, சொல் சொல்லாகத்தான் வருகிறதா என்ற அளவுகோலும் வந்தன. முற்பகல் வெயிலில் அதே முயற்சிக்குத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும் என்பதால், துடிப்பு எல்லையைத் தாண்டாதபடி வேகத்தைக் குறைக்கும்படி குறிப்பும் இருந்தது. நீச்சல் இரு வாரத்துக்கொருமுறை முல்லைத்தீவுக் கடலுக்கு மாறியது. சோளகக் காலத்தில் அங்கே கடல் பொதுவாக அடங்கியிருக்கும், கரைக்குச் சமாந்தரமாக, துணைக்கு ஒருவருடன் மட்டுமே நீந்த வேண்டும் என்பது நிபந்தனை. பயிற்சியின் அளவை மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்கும் ஒழுங்கு அப்படியே இருந்தது. அறுவடை தொடங்கி வீதியோரங்களில் நெல் காயப்போட்ட ஓகஸ்ட் வாரங்களில், நீண்ட சைக்கிள் பயணத்தை வீட்டுக்குள் ஒரு மணித்தியாலமாகச் சுருக்கினார். கொடுத்த காசு இந்த இரண்டாவது பிரதிக்கே தகும். முதற்பிரதியோடு வாய்மூடி இருப்பவருக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அட்டவணையை விட அதிகம் எதுவும் கிடைத்திருக்காது.

பன்னிரண்டாவது வார முடிவில் மூன்று தூரங்களையும் ஒரே காலையில் முடித்தேன். கடைசி இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் காற்பெருவிரலில் கொப்புளம். அதற்குத் திட்டம் பொறுப்பல்ல, புதுச் சப்பாத்து. அடுத்த பரிசோதனைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இம்முறை நீச்சலை வெள்ளி மாலையிலும் சைக்கிளை ஞாயிறு காலையிலும் வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்; இடையில் கிளிநொச்சியில் தங்குவதற்குரிய செலவை, பதிந்த நால்வரும் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.