வளையவே வளையாத ஒரு ஸ்னோபோர்டு: சில சீசன் ஓட்டுனதுக்கு அப்புறம்

தர்மபுரி மாப்ள ஒருத்தன் போன வாரம் லிங்க் அனுப்பி, "உன்னுது இதே போர்டுதான, 40 பர்சென்ட் கொறச்சு போட்ருக்கான், எடுத்துடட்டுமா"ன்னு கேட்டான். வாய்ஸ் நோட்ல பதில் சொல்ல ஆரம்பிச்சேன், பாதிக்கு மேல வெறும் திட்டா போச்சு, அதுலயும் பாதி திட்டுல நியாயமே இல்ல, அழிச்சிட்டேன். அதான் உக்காந்து எழுதறேன். 161 சென்டிமீட்டர் நீளம், ஃப்ளெக்ஸ் (விறைப்பு) பத்துக்கு ஒம்பது, டைரக்‌ஷனல் ஷேப்பு, காலுக்கு கீழ கேம்பர் (வில்லு மாதிரி மேல் வளைவு), மூக்குல மட்டும் கொஞ்சம் ராக்கர் (முனை மேல தூக்குன வளைவு), உள்ள கார்பன், சின்டர்டு பேஸ் (அடிப்பக்க பிளாஸ்டிக்), இதெல்லாம் லிங்க்லயே இருக்குது, நான் திரும்ப ஓதல. கம்பெனி பேரும் வேணாம், கேட்டவனுக்கு தெரியும். கனடாவுல இருக்கற மச்சான் ஊருக்கு வர்றப்ப கொண்டாந்தாரு, அன்னையிலருந்து காஷ்மீர்ல குல்மார்க் போறப்பல்லாம் இதான்.

இதுக்கு இருக்கறது ஒரே ஒரு கொறை. மெதுவா போனா திரும்பாது. கேக்க சின்ன விஷயமா தெரியும், ஆனா ஒரு நாள் பூரா மலையில இருந்தா அதுல எவ்ளோ நேரம் நம்ம மெதுவா போறோம்னு எண்ணிப் பாரு. கொண்டோலா (கேபிள் கார்) ஸ்டேஷனுக்கு திரும்ப வர்ற தட்டையான வழி, மரத்துக்கு நடுவுல, கூட்டத்துக்கு நடுவுல, மூடுபனி எறங்கி முன்னாடி போறவன் ஜாக்கெட்டு மட்டும் தெரியறப்ப, சாயங்காலம் தொடை செத்துப் போனதுக்கு அப்புறம். இதெல்லாம் சேத்தா பாதி நாளு. அந்த பாதி நாளும் இந்த போர்டு என்கூட சண்டை போட்டுட்டேதான் வருது.

ஏன் இப்படின்னா, சாதாரண போர்டுல முன்காலை லேசா சாய்ச்சா போதும், ரெண்டு பைண்டிங்குக்கும் (பூட்ஸை போர்டுல மாட்டற பிடி) நடுவுல போர்டு கொஞ்சம் முறுக்கிக்கும், மூக்கு பக்கத்து எட்ஜ் (ஓரத்து ஸ்டீலு) மொதல்ல கடிக்கும், வாலு அது பின்னாடியே வந்துரும், ஸ்பீடே தேவையில்ல. அந்த முறுக்குதான் இதுல இல்ல. கார்பனும் ஃபைபர் கிளாஸும் சேந்து முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒரே கணக்கு வெச்சிருக்குது, திருப்பணும்னா முழு போர்டையும் ஒண்ணா எட்ஜ் மேல ஏத்தணும், அதுக்கு ஸ்பீடு வேணும், இல்லன்னா இடுப்பை வெச்சு பின்காலை தள்ளித் தள்ளி இழுக்கணும். தொப்பூர் கணவாய்ல லோடு லாரி பின்னாடி மாட்டிக்கிட்ட ஸ்போர்ட்ஸ் பைக்கு மாதிரி, வண்டி மேல எந்த தப்பும் இல்ல, ஆனா கை கழண்டுரும்.

மங்கி ஹில்லுன்னு ஒண்ணு இருக்குது குல்மார்க்ல, காத்து அடிச்சு மேல கொண்டோலா ரெண்டாவது கட்டம் மூடிட்டா எல்லாரும் அங்கதான் ஒதுங்குவாங்க, மரம் நெருக்கமா இருக்கும், பனி நெழல்ல கெடக்கறதால ரெண்டு மூணு நாள் ஆனாலும் பவுடர் (மாவு மாதிரி பனி) பவுடராவே இருக்கும். வாடகை போர்டுல வந்த காலேஜ் பசங்க அங்க மரத்தை சுத்தி சுத்தி வெளையாடுவானுங்க. நான் ஒவ்வொரு மரத்துக்கும் முன்னாடியே முடிவு பண்ணி, பின்காலை மிதிச்சு திருப்பி, திருப்பி முடிக்கறதுக்குள்ள அடுத்த மரம் வந்துரும். அங்கருந்து பாபரேஷி பக்கம் எறங்கி டங்மார்க் வரைக்கும் போவலாம், அருமையான காடு, கீழ போயி ஜீப்பு புடிச்சு மேல வரணும். மத்தவங்க கீழ வந்து கஹ்வா குடிச்சிட்டு சிரிச்சிட்டு இருப்பாங்க, நான் பூட்ஸ் லேசை கழட்டிட்டு கெண்டைக்காலை புடிச்சிட்டு உக்காந்திருப்பேன்.

சரி, இப்ப மறுபக்கம். திட்டுனதை வெச்சு மட்டும் முடிவு பண்ணாத.

ரெண்டாவது கட்ட கொண்டோலா உன்னை அபர்வாட் பக்கம் ஏறக்குறைய 3,980 மீட்டர்ல எறக்கி விடும். பட்ரோல்காரங்க (மலையில பாதுகாப்பு பாக்கறவங்க) கிளியர் பண்ணுன பவுலு (கிண்ணம் மாதிரி சரிவு) நேரா கீழ எறங்குது. காலைல எல்லாரும் ஃபர்ஸ்ட் ட்ராக் போட்டு கிழிச்சிட்டு போயிருவாங்க, மதியத்துக்கு மேல பாத்தா ஒரு அடி தடம் இல்லாத எடம் இருக்காது, குண்டும் குழியுமா, நடுவுல வெயில்ல உருகி திரும்ப உறைஞ்ச கட்டிங்க. இந்த நேரத்துல சாஃப்ட் போர்டுல எறங்கிப் பாத்திருக்கியா? மூக்கு படபடன்னு அடிக்கும், அந்த அடி முட்டிக்கு வந்து பல்லு வரைக்கும் ஏறும், கண்ணு ரெண்டும் ஆடி முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது, தானா பிரேக் போட்டுருவோம்.

இது அங்க வேற ஜாதி. ஸ்பீடு ஏற ஏற உள்ளங்கால்ல ஒரு கரகரப்பு வரும், இன்னும் கொஞ்சம் விட்டா அது நின்னுடும். நெஜமாவே நின்னுடும், கீழ கட்டி கட்டியா இருக்கறது கண்ணுக்கு தெரியுது, காலுக்கு தெரியல. எட்ஜை சாய்ச்சா சாய்ச்ச எடத்துல கோடு மாதிரி புடிச்சுக்குது, உறைஞ்ச கட்டி மேல ஏறுனாலும் மூக்கு தூக்கல, அதை ஒடச்சிட்டு உள்ள போவுது. மெதுவா போறப்ப எந்த முறுக்கு இல்லன்னு திட்டுனேனோ அது இல்லாததாலதான் இங்க வாலு கழண்டுக்கறதில்ல. பைண்டிங்கை கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கறதால புது பவுடர்ல மூக்கு தானா மெதக்குது, பின்கால்ல உக்காந்து தொடையை எரிக்கற வேலை இல்ல. இந்த மாதிரி ஒரு ரன்னு முடிஞ்சு கோங்டோரி (கொண்டோலாவோட நடு) ஸ்டேஷன் வாசல்ல நிக்கறப்ப இதை விட நல்ல சாமான் ஒண்ணை நான் காசு குடுத்து வாங்குனதில்லன்னு தோணும். அப்புறம் அந்த வாசலுக்கு முன்னாடி இருக்கற தட்டையில நின்னுடும், ஒரு காலை கழட்டி தள்ளிட்டு போவணும், தோணுனது போயிடும்.

மாப்ளைக்கு முக்கியமா ஒண்ணு. இது ஸ்பீடு கேக்கற போர்டு, பட்ரோல் பாக்கற எடத்துல அந்த ஸ்பீடுக்கு எடம் பத்தலன்னு தோணும், அப்புறம் எல்லைக் கயித்துக்கு அந்தப் பக்கம் கண்ணு போவும். 2024 ஜனவரில குல்மார்க்ல பனியே இல்லாம மண்ணு தெரிஞ்சுது, டிவில எல்லாம் காட்டுனாங்க, பிப்ரவரில ஒரேடியா கொட்டுச்சு, அதே மாசம் பனிச்சரிவுல ஒரு ரஷ்யாக்காரர் செத்துப் போனாரு. பீக்கன் (பனியில பொதைஞ்சவனை தேடற சிக்னல் கருவி), ப்ரோபு (குத்திப் பாக்கற நீளக் குச்சி), மண்வெட்டி மூணும் இல்லாம, அதை யூஸ் பண்ணவும் தெரியாம, கைடும் இல்லாம அந்தப் பக்கம் போறதா இருந்தா போர்டு பத்தி பேசவே வேணாம்.

பனி கம்மியா இருக்கற வருசத்துல இன்னொரு தொல்லை, கல்லு. மேல ரெண்டு விரக்கட பனி மூடி உள்ள ஒளிஞ்சிருக்கும். சாஃப்ட் போர்டுன்னா கொஞ்சம் வளைஞ்சு கொடுத்து தாண்டிரும், இது வளையாது, அப்படியே வாங்கிக்கும். எனக்கு பேஸ்ல கட்டை விரல் அளவுக்கு பேத்துட்டு உள்ள மரம் தெரிஞ்சுது, பக்கத்துல எட்ஜும் நசுங்குச்சு. மேல ஒரு கடையில குடுத்தேன், பி-டெக்ஸ் (பேஸை அடைக்கற பிளாஸ்டிக்) குச்சியை கொளுத்தி சொட்டு விட்டு சீவி குடுத்தாங்க, பாக்க அழகா இருந்துச்சு, மறுநாள் காலைல கழண்டு போச்சு. கழண்டுதான் போவும், பி-டெக்ஸு பேஸ் பிளாஸ்டிக்ல ஒட்டும், மரத்துலயும் ஃபைபர்லயும் ஒட்டாது. அந்த ஓட்டையில தண்ணி எறங்கி மரம் ஊறுனா லேயர் லேயரா பிரிஞ்சிரும், அதனால டேப்பு சுத்தி அப்படியே ஊருக்கு கொண்டாந்துட்டேன்.

எங்களுது கிருஷ்ணகிரில கிரானைட் பாலிஷ் பட்டறை. ஸ்னோபோர்டு ரிப்பேருக்கு இந்தியாவுல இதை விட நல்ல எடம் இருக்குமான்னு எனக்கு சந்தேகம். மொதல்ல ஊரு வெயில்ல நாலு நாள் சாத்தி வெச்சேன், மரத்துல ஒரு சொட்டு ஈரம் மிச்சம் இல்ல. எட்ஜ் கல்லுல மோதுன எடத்துல ஸ்டீலு சூடாயி மேல் தோலு கெட்டியாயிடும், அதுல நேரா அரம் போட்டா வழுக்கும், அரத்தோட பல்லுதான் போவும். டைமண்டு வெச்சு அந்த தோலை எடுத்துட்டுதான் அரத்தை தொடணும். நம்ம பட்டறையில 50 கிரிட்லருந்து 3000 வரைக்கும் டைமண்டு பேடு வரிசையா மாட்டி இருக்குது, கல்லு ஓரத்தை நகத்தால வழிச்சு பாக்கற அதே பழக்கத்துல 400, அப்புறம் 800, தண்ணி விட்டு மெதுவா கையாலயே ஓட்டுனேன், தொடச்சு காய வெச்சு அப்புறம் 88 டிகிரி கைடை (அரத்தை அதே கோணத்துல புடிக்கறது) மாட்டி அரம். எட்ஜு புதுசை விட நல்லா வந்துச்சு, இதை நான் பெருமையாவே சொல்லிக்கறேன்.

ஓட்டையை சுத்தி வெட்டி எடுத்து பேஸ் ஷீட்டுல ஒரு பேட்ச் வெட்டி வெச்சு எபாக்சி ஊத்துனேன், கிரானைட்ல மயிர்க்கோடு விரிசலை அடைக்கறதுக்கு நாங்க ஊத்தற அதே ரெசினு. எங்க மேஸ்திரி வந்து பாத்துட்டு, "தம்பி, இந்த எபாக்சி கல்லுக்குதான் நிக்கும், கல்லு ஆடாது. ஆடுற வளையற சாமானுக்கு பூசுனா நாலே நாள்ல வெடிப்பு உடும்"னாரு. அவரு சொன்னது சரிதான், போர்டுக்குன்னு கொஞ்சம் இளக்கமான எபாக்சிதான் போடணும். "அண்ணே, இது வளையாதுண்ணே"ன்னேன். நம்பல. ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து நடுவுல முட்டி போட்டு அமுக்கிப் பாத்தாரு, இன்னொரு தடவை மொத்த வெயிட்டையும் போட்டு பாத்தாரு, எழுந்திருச்சு கையை தட்டிட்டு, "ஊத்திக்கோ, ஊத்திக்கோ"ன்னு போயிட்டாரு. வெட்டு மிச்சத்துல கெடந்த ஒரு ஸ்லாப் துண்டை மேல வெச்சு ராத்திரி பூரா விட்டேன். அதுக்கு அப்புறம் ஒரு முழு சீசன் ஓட்டியாச்சு, ஒரு முடி அளவு கூட வெடிப்பு இல்ல. வளையலன்னு எதை திட்டறனோ அதுதான் என் பேட்ச்சை காப்பாத்துது, இதுக்கு நான் சந்தோசப்படறதா கடுப்பாவறதா.

வேக்ஸ் பத்தி ரொம்ப இல்ல. சீசன் முடிஞ்சா தடிமனா வேக்ஸ் போட்டு சீவாம வெக்கணும், எட்ஜு மேலயும் கொஞ்சம் வழிய உடணும், மழைக்காலத்துல துரு புடிக்காது. பழைய இஸ்திரி பெட்டி போதும், புகை வந்தா சூடு அதிகம்னு அர்த்தம், ஒரே எடத்துல நிறுத்தாத, பேஸு வெந்துரும். ஏப்ரல் மேல சிமெண்ட் ஷீட்டுக்கு கீழ வெக்காத, எனக்கு வேக்ஸ் எளகி பையெல்லாம் புடிச்சு அதுல பட்டறை தூசி வேற ஒட்டி, சீவி எடுக்க ஒரு ஞாயித்துக்கெழமை போச்சு.

தூக்கிட்டு போற செலவையும் கணக்குல வெச்சுக்கோ. எங்க டோல்கேட்டு வழியா போற அதே என்.எச். 44தான் அந்தப் பக்கம் ஸ்ரீநகர் வரைக்கும் போவுதுன்னு பெருமை பேசிக்கலாம், ஆனா போவப்போறது பெங்களூரு ஏர்ப்போர்ட்லருந்து ஃப்ளைட்லதான், 15 கிலோ லிமிட்ல போர்டு, பூட்ஸ், ஜாக்கெட்டு எல்லாம் அடங்காது. கவுண்டர்ல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரேட்டு சொல்றாங்க.

இப்ப கேள்விக்கு வரேன். வேணாம் மாப்ள. நல்ல போர்டு, நான் ஓட்டுனதுலயே நல்ல போர்டு, வேணாம். வருசத்துல பத்து பதினஞ்சு நாளு பனியை பாக்கற ஆளுக்கு இது எதுக்கு? மொத ரெண்டு நாளு காலு பழக்கத்துக்கு வரவே போயிடும், கடைசி ரெண்டு நாளு காலே இருக்காது, நடுவுல மேல கொண்டோலா ஓடுதான்னு சாமி கும்பிட்டுட்டு உக்காந்திருக்கணும். சீசன் பூரா மலையிலயே கெடக்கறவன் வாங்கட்டும். நீ ஃப்ளெக்ஸ் ஆறு பக்கம் ஒண்ணு பாரு, மதியம் பவுல்ல கொஞ்சம் பல்லு ஆடும், ஆடட்டும், மரத்துக்குள்ள சிரிச்சிட்டே வருவ. 40 பர்சென்ட் கொறச்சது உனக்காக இல்ல, அடுத்த வருசத்து ஸ்டாக்குக்கு எடம் வேணும் அவனுக்கு, பெரும்பாலும் மேல இருக்கற படம் மட்டும்தான் மாறியிருக்கும். உன் பூட்ஸும் சாஃப்டு, அந்த பூட்ஸை போட்டு இந்த போர்டை ஒரு எட்ஜ்லருந்து இன்னொரு எட்ஜுக்கு நகத்தவே முடியாது, ரெண்டையும் மாத்தணும்னா தள்ளுபடி எங்க மிச்சம்?

இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறமும் நீ வாங்கத்தான் போறன்னு தெரியும். உன் வெயிட்டுக்கு 158 இருக்கான்னு பாரு, 164தான் மிச்சம் இருக்குதுன்னா அந்த லிங்கை மூடிடு. என்னுதை ஒரு நாள் ஓட்டிப் பாக்கறேன்னு மட்டும் கேக்காத, குடுக்க மாட்டேன்.